மறுபடி மறுபடி மடங்கும் கணுக்கால்: ஒரு முழு வழிகாட்டி

"எலும்பில் ஒன்றுமில்லை." முதல் தடவை கால் மடங்கியபோது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது அவ்வளவுதான். ஒரு கிரேப் பேண்டேஜ், ஐந்து நாளைக்கு மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. வாலிபாலில் பிளாக் போட எகிறிவிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பாதத்தின் மேல் இறங்கியதால் வந்த வினை அது. வீக்கம் வடிந்தது, வலியும் போனது, மறுபடி ஆடப் போனேன். நாலு மாதத்தில் அதே கால் மறுபடி மடங்கியது. அடுத்த வருடம் பேருந்தில் இருந்து இறங்கும்போது. அதற்கப்புறம் வீட்டு வாசலில், ஒரு சின்னக் கல்லை மிதித்து.

வாசலில் மடங்கியபோது அவ்வளவாக வலிக்கவில்லை. "பரவாயில்லையே, கால் பழகிவிட்டது" என்று நினைத்தேன். பிற்பாடுதான் புரிந்தது, பழகியது கால் இல்லை. மடங்கும்போது எதிர்த்து நின்று கிழிய அங்கே இறுக்கமான நார் மிச்சமில்லை. அதனால்தான் வலியும் இல்லை.

இதைத்தான் நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்கிறார்கள். உங்களுக்கும் இப்படி இருந்தால், என்ன நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதை நான் பிசியோதெரபிஸ்டிடம் கற்றதையும், படித்ததையும், பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இது டாக்டரைப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. ஆனால் டாக்டரிடம் போனால் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் கீழ்முனை அது. அதிலிருந்து மூன்று லிகமெண்ட்கள், அதாவது எலும்போடு எலும்பைக் கட்டும் நார்கள், கிளம்புகின்றன. ஒன்று முன்பக்கமாக, குதிகால் எலும்புக்கு மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்புக்கு, ஒன்று கீழே குதிகால் எலும்புக்கு, மற்றொன்று பின்பக்கமாகத் தாலஸுக்கு. மூன்றில் இளைத்தது முன்னால் போவதுதான். விரல்நுனி கீழே பார்த்து, உள்ளங்கால் உள்பக்கம் திரும்பி மடங்கும்போது முதலில் அடி வாங்குவதும் அதுவே. இன்னும் பலமாக மடங்கினால் குதிகாலுக்குப் போகும் நாரும் சேர்ந்து கிழியும். பின்பக்கத்து நார் லேசில் கிழியாது.

லிகமெண்டை எல்லோரும் கயிறு என்றே நினைக்கிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் கயிறு. அது பாதி உண்மைதான். அந்த நாருக்குள்ளும் மூட்டின் உறைக்குள்ளும் நுண்ணிய உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் சேதி அனுப்புவது அவற்றின் வேலை. இருட்டில் படியிறங்கும்போது கண்ணால் பார்க்காமலே கால் சரியாகப் பதிகிறதே, அது இந்தச் சேதியால்தான். நார் கிழியும்போது கயிறு மட்டும் அறுவதில்லை, தந்தியும் அறுகிறது.

லண்டனில் ஃபிரீமேன் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் 1965ல் இதைத்தான் முன்வைத்தார்கள். சுளுக்குக்குப் பிறகு கால் நழுவுவதற்குக் காரணம் தளர்ந்த நார் மட்டுமல்ல, உணர்வு குறைந்ததும்தான் என்றார்கள். ஆடும் பலகையில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கால் நழுவுவது குறைந்ததையும் காட்டினார்கள். இன்றைக்கு பிசியோதெரபி அறைகளில் கிடக்கும் அந்த வட்டப் பலகையின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, நிலையின்மையில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, நார் நீண்டு மூட்டு நிஜமாகவே தொளதொளவென்று இருப்பது. மற்றொன்று, மூட்டு இறுக்கமாக இருந்தும், உணர்வும் தசையின் எதிர்வினையும் மந்தமாகி, கால் சாய்வது தெரிவதற்குள் சாய்ந்துவிடுவது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இரண்டாவதற்கு எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ.யிலும் முகமே கிடையாது. "எலும்பில் ஒன்றுமில்லை" என்பது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கேள்விதான் போதாது.

அயர்லாந்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், முதல் தடவை கணுக்கால் சுளுக்கியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், 40 சதவீதம் பேருக்கு இந்த நாள்பட்ட நிலையின்மை வந்திருந்தது. பத்துக்கு நாலு பேர். "சுளுக்குதானே" என்று நாம் உதறிவிட்டுப் போகும் விஷயம் இது.

உங்களுக்கு இருப்பது இதுதானா?

மருத்துவர்கள் பொதுவாகப் பார்ப்பது இவற்றை. முதல் பெரிய சுளுக்கு நடந்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கப்புறம் அதே கால் மறுபடி சுளுக்கியிருக்க வேண்டும், அல்லது கடந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவையாவது "சட்டென்று விட்டுப் போவது" போல நழுவியிருக்க வேண்டும், அல்லது அந்தக் காலை நம்பி ஊன்றவே தயக்கம் இருக்க வேண்டும். இந்தத் தயக்கத்தை அளக்கச் சிட்னியில் உருவான கம்பர்லாந்து வினாத்தாள் என்று ஒன்று உண்டு. ஒன்பது கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். படியிறங்கும்போது எப்படி இருக்கிறது, ஒற்றைக் காலில் நின்றால் எப்படி, ஒரு பக்கமாகக் குதித்தால் எப்படி, மடங்கத் தொடங்கும்போது உங்களால் தடுக்க முடிகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். பிசியோதெரபிஸ்ட் தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஒரு சோதனையும் உண்டு, காசு செலவில்லாதது. உங்கள் பழைய செருப்பு இரண்டையும் திருப்பி வைத்துப் பாருங்கள். நிலையில்லாத காலின் செருப்பில் குதிகாலின் வெளியோரம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா? எல்லோருக்கும் அந்த ஓரம் கொஞ்சம் தேயும்தான். நான் சொல்வது இரண்டுக்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தை. அதை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது, ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டிய தடயம் அது.

இதைப் போலவே நடிக்கும் வேறு சிக்கல்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "அடிக்கடி மடங்குகிறது, வலியும் இருக்கிறது" என்று வருபவர்களில் சிலருக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கும்.

இரண்டு சுளுக்குக்கு நடுவே, மடங்காத நாட்களிலும் மூட்டின் உள்ளே ஆழமாக வலித்தால், அல்லது நடக்கும்போது சட்டென்று பிடித்துக்கொண்டு பிறகு விட்டால், தாலஸ் எலும்பின் மேல் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். வெளிக்கணுவின் பின்னால் ஏதோ ஒரு நாண் துள்ளி முன்னால் வந்து போவதை உணர்ந்தால் அது கீழ்க்காலின் வெளிப்பக்கத்துப் பெரோனியல் தசைநாண் இடம் மாறுவது. முன்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே வலித்தால் கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் மேல் லிகமெண்ட் போயிருக்கலாம். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மடங்கி, பாதமும் விறைப்பாக இருந்தால், பாத எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதவளைவு மிக உயர்ந்து குதிகால் உள்பக்கம் சாய்ந்திருப்பவர்களுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் பாதத்தின் அமைப்பே காலை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கு முக்கியமான ஒன்று: பல வருடமாகச் சர்க்கரை இருப்பவருக்கு, பாதத்தில் மரத்தலோ எரிச்சலோ இருந்து கால் தடுமாறினால், அது லிகமெண்ட் சமாச்சாரமாக இல்லாமல் நரம்பு சமாச்சாரமாக இருக்கலாம். அவர் கீழே சொல்லும் பயிற்சிகளுக்குப் போகும் முன் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக மடங்கியிருந்தால் எக்ஸ்ரே தேவையா என்பதற்குக் கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992ல் ஒரு எளிய விதி வகுத்தார்கள். உள்கணு, வெளிக்கணு எலும்புகளின் நுனியிலோ, பின்னோரத்தில் கடைசி 6 சென்டிமீட்டருக்குள்ளோ அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளியோர நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்ளோரத்தில் இருக்கும் படகெலும்பிலோ வலிக்கிறதா? மடங்கிய உடனேயும், மருத்துவமனையிலும் நொண்டியாவது நாலு அடி நடக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பழைய சுளுக்கின் மேல் எலும்பும் முறியலாம், "எப்பவும் போலத்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. படுத்தபடி, காலை அசைக்காமல் எடுப்பது அது. நிலையின்மையோ நிற்கும்போதும் இறங்கும்போதும் வருவது. அதனால் டாக்டர் கையால் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பதும், உள்பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பதும், மற்றக் காலோடு ஒப்பிடுவதும் ஸ்கேனை விடக் குறைந்ததல்ல. காலைத் தொடாமலே ரிப்போர்ட்டைப் பார்த்து அறுவை சிகிச்சை என்று சொன்னால் இன்னொருவரையும் பார்த்துவிடுவது நல்லது.

தொடங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

மூன்று அளவு போதும். ஒரு நோட்டில் தேதி போட்டு, இரண்டு காலுக்கும் எழுதுங்கள்.

சுவர் சோதனை: செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். தொட முடிந்தால் பாதத்தை இன்னும் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். பலருக்குப் பத்து சென்டிமீட்டரைச் சுற்றி வரும். அந்த எண்ணைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் உங்கள் கணுக்கால் முன்பக்கம் மடங்க மறுக்கிறது என்று பொருள். எனக்கு மூன்று குறைந்தது. தொளதொளப்பான மூட்டு விறைப்பாகவும் இருக்குமா என்று கேட்டேன். இருக்குமாம், ஒரு பக்கம் தளர்ந்து இன்னொரு பக்கம் இறுகி. குந்தி உட்காரும்போது ஒரு குதிகால் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும் அல்லவா, அதே சங்கதிதான்.

ஒற்றைக்கால் சோதனை: சுவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுங்கள். மற்றக் கால் தரையைத் தொடும் வரை எத்தனை விநாடி? நல்ல காலையும் எண்ணுங்கள்.

எட்டும் சோதனை: ஒற்றைக் காலில் நின்றபடி மற்றப் பாதத்தால் நேர் முன்னால், பின்பக்கம் உள்நோக்கி, பின்பக்கம் வெளிநோக்கி எவ்வளவு தூரம் எட்ட முடிகிறது? தரையில் சாக்பீஸ் கோடு போட்டால் போதும். எட்டிய பாதத்தில் எடையை இறக்கக் கூடாது.

பயிற்சி: எட்டு வாரக் கணக்கு

நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களை வைத்து 2009ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. காரணம், அதில் மருத்துவமனையே இல்லை. வழக்கமான சிகிச்சை முடிந்தபின், வீட்டிலேயே, யாரும் மேற்பார்க்காமல், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அதிகபட்சம் அரைமணி நேரம், எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி. அடுத்த ஓராண்டில் பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கால் மறுபடி சுளுக்கியது. செய்தவர்களில் 22 சதவீதம். மந்திரமில்லை, ஆனால் வீட்டிலேயே செய்ய முடிகிறது என்பது பெரிய சேதி.

முதல் இரண்டு வாரம் விறைப்பை எடுப்பதற்கு. சுவர் சோதனையையே பயிற்சியாகச் செய்யலாம்: முழங்காலைச் சுவரை நோக்கித் தள்ளி, மூன்று விநாடி நிறுத்தி, திரும்பி வர வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து, மூன்று தடவை. கெண்டைக்காலை நீட்டி இழுப்பதும் இதோடு சேரும். இரண்டு காலிலும் நின்று குதிகாலை மெல்லத் தூக்கி, அதைவிட மெல்ல இறக்குவது. அப்புறம் வெறும் தரையில் ஒற்றைக்கால் நிற்பு, முப்பது விநாடி, மூன்று தடவை.

இதற்கு என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன யோசனை: பல் துலக்கும்போது செய். காலையில் ஒரு கால், இரவில் ஒரு கால். முதல் நாள் கீழே பார்த்தேன். பாதத்தின் மேல் நாண்கள் வீணைக் கம்பி போலத் துடித்துக்கொண்டிருந்தன, பெருவிரல் தரையைக் கவ்வியது, கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடியது. நல்ல காலில் அந்த ஆட்டத்தில் பாதிகூட இல்லை. எக்ஸ்ரேயில் யாரும் காட்டாத என் நோயை வாஷ்பேசின் முன்னால் நானே பார்த்தேன்.

மூன்றாம், நான்காம் வாரம் பலத்துக்கு. மடங்கும் காலை எதிர்ப்பக்கம் இழுத்துக் காப்பாற்றுபவை கீழ்க்காலின் வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் தசைகள். ஒரு ரப்பர் பட்டையை இரண்டு பாதத்தையும் சுற்றிக் கட்டி, முழங்காலைத் திருப்பாமல், பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பலரும் இங்கே ஏமாற்றுவோம். முழங்காலைத் திருப்பினால் பாதமும் திரும்பியது போலத் தெரியும். அதனால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பட்டையை எதிர்த்துப் போகும்போது வேகம், திரும்பி வரும்போது நிதானம். பத்துப் பன்னிரண்டு, மூன்று தடவை. குதிகால் தூக்குவதை ஒற்றைக் காலுக்கு மாற்றுங்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் விடக் கூடாது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது சும்மா தெரியும், ஆனால் இடுப்பு சாய்ந்தால் அதன் பின்னால் கணுக்காலும் சாயும்.

ஒற்றைக்கால் நிற்பை இப்போது கடினமாக்கலாம்: கண்ணை மூடி, அல்லது மடித்த பெட்ஷீட்டின் மேல், பிறகு தலையணை மேல். ஒரே சமயத்தில் இரண்டும் வேண்டாம். எந்தப் படியிலும் முப்பது விநாடி மற்றக் கால் தரையைத் தொடாமல் மூன்று தடவை நிற்க முடிந்தால்தான் அடுத்த படி.

ஐந்தாம், ஆறாம் வாரத்தில் அசைவு சேரும். ஒற்றைக் காலில் நின்று பந்தைச் சுவரில் அடித்துப் பிடிப்பது எனக்குப் பிடித்த பயிற்சி. மூளை பந்தைக் கவனிக்கும்போது கணுக்கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுகிறது. ஆட்டத்தில் நடப்பதும் அதுதானே, யாரும் தன் கணுக்காலை நினைத்துக்கொண்டு ஸ்மாஷ் அடிப்பதில்லை. படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று மற்றக் குதிகாலால் கீழ்ப்படியைத் தொட்டுத் தொட்டு எழுவதும், எட்டும் சோதனையையே பயிற்சியாகச் செய்வதும் இந்த வாரங்களுக்கு.

ஏழு, எட்டு வாரங்களில் குதித்தல். இரண்டு காலில் சின்னதாகக் குதித்து, இறங்கி, அசையாமல் மூன்று விநாடி நிற்பது. அப்புறம் ஒரு காலில் கிளம்பி அதே காலில் இறங்குவது. பிறகு பக்கவாட்டில், கோட்டைத் தாண்டித் தாண்டி. தரையிறங்கும் சத்தத்தைக் கேளுங்கள். "தொப்" என்று விழுந்தால் முட்டி மடங்கவில்லை என்று அர்த்தம்.

எப்போது அதிகம் செய்துவிட்டோம் என்று எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி சொல்லும். முந்தின நாளை விட வலியோ வீக்கமோ கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள், நிறுத்த வேண்டாம்.

பிரேஸ், டேப், செருப்பு

கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்று சொல்பவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு. அதே நெதர்லாந்துக் குழு 2014ல் இதையும் சோதித்தது. ஓராண்டு ஆட்டத்தின்போது பிரேஸ் போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு மறுபடி சுளுக்கியது. எட்டு வாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 27 சதவீதம். எனவே வெட்கப்படாமல் போடுங்கள். கயிறு கட்டி இறுக்கும் வகையோ, இரண்டு பக்கமும் விறைப்பான பட்டை வைத்ததோ வாங்குங்கள். மருந்துக்கடையில் தொங்கும், சாக்ஸ் போல இழுத்து மாட்டும் துணி உறை மடங்குவதைத் தடுக்காது. ஆட்டத்துக்கும் கரடுமுரடான இடத்துக்கும் பிரேஸ் போதும், வீட்டுக்குள் நாள் முழுக்கத் தேவையில்லை.

டேப்பும் உதவும், ஆனால் ஆட ஆடத் தளரும், செலவும் ஏறும். எங்கள் வெயிலில் வியர்வையில் அது அரைமணி கூட நிற்பதில்லை என்பது என் அனுபவம். செருப்பைப் பொறுத்தவரை, தேய்ந்த ரப்பர் செருப்பும், உயரமான குதி வைத்ததும் எதிரிகள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை உள்ள சாண்டல் நல்லது.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவது பற்றிக் கேட்பீர்கள். என் அம்மாச்சி போட்ட பற்று இதமாகத்தான் இருந்தது, பழைய சுளுக்குக்கு அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் மடங்கிய அன்றே அழுத்தி உருவுவதும், "நரம்பு ஏறிவிட்டது" என்று சொடுக்கி இழுப்பதும் வேண்டவே வேண்டாம். கிழிந்த நாரை இன்னும் கிழிக்கும் வேலை அது.

அறுவை சிகிச்சை யாருக்கு

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் நழுவிக்கொண்டே இருந்தால், கையால் சோதிக்கும்போது மூட்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தால், அப்போது பேசலாம். "ஒழுங்காக" என்பதில் நேர்மை வேண்டும். நான் முதல் தடவை நாலு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்றவன்.

பெரும்பாலும் செய்யப்படுவது, சுவீடன் மருத்துவர் புரோஸ்ட்ரம் 1966ல் விவரித்த முறை. நீண்டு தொங்கும் லிகமெண்டைச் சுருக்கி ஃபிபுலாவோடு மறுபடி தைப்பார்கள். 1980ல் கூல்ட் என்பவர், பக்கத்தில் இருக்கும் பட்டை போன்ற திசுவையும் இழுத்து மேலே தைத்து பலம் சேர்த்தார். நல்ல தேர்வாக இருந்தால் பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது. உடம்பெல்லாம் மூட்டு இளகலாக இருப்பவர்கள், எடை மிக அதிகம் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை அறுவை செய்து தோற்றவர்கள் ஆகியோருக்கு, வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாணையோ பலமான டேப் போன்ற நூலையோ சேர்த்துச் செய்வது உண்டு. குதிகால் உள்சாய்ந்தவர்களுக்குக் குதிகால் எலும்பையும் வெட்டி நேராக்க வேண்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு நாரை மட்டும் தைத்தால் மறுபடி தளரும்.

அப்புறம் சுமார் இரண்டு வாரம் கட்டு, ஆறு வாரம் வரை கணுக்காலைப் பிடித்து வைக்கும் மருத்துவ பூட், பிறகு பிரேஸோடு பயிற்சி. ஆட்டத்துக்குத் திரும்ப நாலு முதல் ஆறு மாதம். தையலுக்குப் பக்கத்தில் பாதத்தின் மேல் கொஞ்சம் மரத்துப் போகலாம், மூட்டு சற்று விறைக்கலாம். சம்மணம் போட்டு உட்காருவதும் வஜ்ராசனமும் புதிதாகத் தைத்த நாரை இழுக்கும், டாக்டர் சொல்லும் வரை தரையில் உட்கார வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தியில் கூட நாற்காலி கேளுங்கள்.

தைத்த நார் கயிறாக இறுகும். தந்தி தானாக வந்துவிடாது. அறுவை செய்தவரும் மேலே சொன்ன அதே ஒற்றைக்கால் நிற்பைச் செய்துதான் ஆக வேண்டும்.

எப்போது மறுபடி ஆடலாம்

நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோட்டை எடுங்கள். சுவர் சோதனையில் இரண்டு காலுக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும் எண்ணிக்கையும், எட்டும் தூரமும், ஒற்றைக்கால் தாண்டும் தூரமும் நல்ல காலின் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். கோணல்மாணலாக ஓடித் திரும்பும்போது காலை மறந்து ஓட முடிய வேண்டும். அப்புறமும் முதல் இரண்டு வாரம் பிளாக், ஸ்மாஷ் இல்லாமல் பின்வரிசையில் நில்லுங்கள். கபடி ஆடுபவர்கள் கணுக்காலைப் பிடிக்கும் பிடிக்குக் கடைசியாகத் திரும்புங்கள்.

சரி, மறுபடி மடங்கிவிட்டால்

மடங்கலாம். அன்றைக்கு ஒட்டாவா கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு பிரச்சினை இல்லையென்றால் கிரேப் பேண்டேஜைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஐஸ் வலி குறைய வைக்கலாம், துணி சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. 1978ல் ஓய்வு, ஐஸ் என்ற சூத்திரத்தைப் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று பின்னாளில் திருத்திக்கொண்டார். முதல் இரண்டு மூன்று நாள் சூடு, மது, உருவிவிடுவது மூன்றும் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து, படுத்தபடியே பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். வலி தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கத் தொடங்குங்கள், பிரேஸோடு. பூரண ஓய்வு என்று இரண்டு வாரம் கட்டிலில் கிடந்தால் விறைப்புதான் மிஞ்சும். நொண்டாமல் நடக்க வந்ததும் பிரஷில் பேஸ்ட் போடும்போது அந்தக் காலை மட்டும் ஊன்றி, கையைச் சுவரில் வைத்து, பத்து விநாடி.

எனக்குப் போன மழைக்காலத்தில் ஒரு தடவை மடங்கியது, வழுக்கும் படியில். பாதி மடங்கி, தானாகத் திரும்பிக்கொண்டது. வீக்கமும் வரவில்லை. அன்றிரவு பல் துலக்கும்போது அந்தக் காலில் நாற்பது விநாடி நின்றேன். கம்பிகள் துடித்துக்கொண்டேதான் இருந்தன.